'மே' வேறு, 'ஷல்' வேறு

பதிவு நீளம். அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படிக்கலாம். இந்தப் 'படிக்கலாம்' என்ற சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'லாம்' பற்றித்தான் இன்றைய பேச்சு.

ரிட்டயர் ஆன வாத்தியாருக்கு வேலை இருக்காது என்று யார் சொன்னது? எங்கள் நெட்டுக்குப்பத்தில் பல வீடுகளுக்கு இங்கிலீஷில் காகிதம் வருகிறது. பேங்க் லோன் பேப்பர், வாடகை ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் பாலிசி, கான்ட்ராக்ட் வேலைக்கான ஆர்டர், கருத்துக்கேட்புக் கூட்ட அறிவிப்பு என்று ஏதாவது ஒன்று. "சார், இதுல இன்னா போட்டுக்குது?" என்று கேட்டு வருவார்கள். நான் முதலில் பென்சிலை எடுப்பேன். ஷல், மே, மஸ்ட், ஷுட், வில் ஆகிய ஐந்து சொற்கள் வரும் இடமெல்லாம் வட்டம் போடுவேன். பிறகு ஒவ்வொரு வட்டத்துக்கும் முன்னால் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பேன். பாதிக் காகிதம் அதிலேயே புரிந்துவிடும்.

இந்தச் சொற்களைத்தான் பள்ளிக்கூடத்தில் மோடல் வெர்ப்ஸ் என்று பெயர் வைத்து, கோடிட்ட இடத்தை நிரப்பும் ஒரு மார்க் கேள்வியாகச் சுருக்கி வைத்திருக்கிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட சென்னையில் படிக்கும் பிள்ளைக்கு இங்கிலீஷ் இலக்கணத்தில் ஒரே ஒரு பாடம் நடத்தத்தான் நேரம் இருக்கிறது என்றால் டென்ஸ் வேண்டாம், வாய்ஸ் வேண்டாம், இதை நடத்துங்கள்.

போன வருஷம் பழைய மாணவர் ஒருவர் ஒரு வேலை ஆர்டரைக் கொண்டுவந்தார். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு கான்ட்ராக்டர், அவ்வளவு போதும். மூன்று பக்கம். இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணினோம். 'ஷல்' 11, 'மே' 5. பதினொரு ஷல்லும் அவர் தலையில். நேரத்துக்கு வரவேண்டும், சொன்ன ஷிஃப்ட் பார்க்கவேண்டும், வேறு எங்கும் வேலை செய்யக்கூடாது, இப்படி. மே ஐந்தும் கம்பெனிக்கு. ஷிஃப்டை மாற்றலாம், வேறு இடத்துக்கு அனுப்பலாம், பிடித்தம் செய்யலாம், காரணம் சொல்லாமல் நிறுத்தலாம். ஐந்தாவது மே மட்டும் அவர் பக்கம் சாய்வது போலத் தெரிந்தது: ஒரு வருஷம் முடிந்தால் நிரந்தர வேலைக்கு 'மே பி கன்சிடர்ட்'.

ஆர்டரைக் கையில் கொடுத்த சூப்பர்வைசர் வாயால் சொன்னது வேறு. "ஒரு வருஷம் பொறுத்துக்கோ, பர்மனென்ட் பண்ணிடுவாங்க." இந்தப் 'பண்ணிடுவாங்க'வில் சந்தேகமே இல்லை, காலையில் விடியும் என்பது போல. காகிதத்துக்கு வரும்போது அது 'பரிசீலிக்கப்படலாம்' ஆகிவிட்டது. நிரந்தரம் ஆக்கப்படலாம் என்றுகூட இல்லை. ஆக்கலாமா என்று யோசித்துப் பார்க்கப்படலாம். வாய்ப்பேச்சுக்கும் காகிதத்துக்கும் நடுவே இரண்டு ஆறு ஓடுகிறது.

"கையெழுத்துப் போடட்டுமா சார், வேணாமா?" என்று கேட்டார். போடச் சொன்னேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா? ஆனால் அந்த ஐந்தாவது மே-யை நம்பித் தவணையில் பைக் எடுக்காதே என்றும் சொன்னேன். எடுக்கவில்லை.

லோன் பேப்பரிலும் இதே கதைதான். கடன் வாங்குபவருக்கு ஷல், பேங்க்குக்கு மே. வாடகை ஒப்பந்தத்தில் குடியிருப்பவருக்கு ஷல், வீட்டுக்காரருக்கு மே. கொடுப்பவன் தன் பணத்துக்குப் பாதுகாப்புத் தேடுவதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் ஷல் எனக்கு, மே உனக்கு என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவதும், தெரியாமல் போடுவதும் ஒன்றல்ல.

இப்போது தமிழுக்கு வருவோம். நம் பிள்ளைகள் இதில் குழம்புவதற்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை. தமிழ் இந்த வேலையை வேறு விதமாகப் பங்கு பிரித்து வைத்திருக்கிறது. 'போகலாம்' என்று ஒரு சொல். ஹெட்மாஸ்டர் சொன்னால் அனுமதி. கூட்டாளி சொன்னால் 'வா, சேர்ந்து போவோம்'. 'ராத்திரி கரண்ட் போகலாம்' என்றால் ஊகம். இங்கிலீஷில் இந்த மூன்றுக்கும் மே, லெட்ஸ், மைட் என்று தனித்தனிச் சொல். 'வேண்டும்' இன்னும் பெரிய மூட்டை. மஸ்ட், ஷுட், ஷல், நீட், வான்ட் எல்லாம் அதற்குள் அடக்கம். 'வண்டி இந்நேரம் வந்திருக்கணும்' என்று பஸ் ஸ்டாப்பில் ஒருவர் சொன்னால் அது கட்டளையும் இல்லை, ஆசையும் இல்லை, கணக்குப் போட்டுச் சொல்லும் ஊகம்.

தமிழில் நயம் இல்லை என்று யாரும் கிளம்ப வேண்டாம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மேகத்தைப் பார்த்துவிட்டு 'பெய்ஞ்சாலும் பெய்யும்' என்பார்கள். அது மே-யும் இல்லை, வில்லும் இல்லை. பெய்யாது என்று நினைத்துக் கருவாட்டை வெளியே போட்டுவிட்டுப் போகாதே என்ற எச்சரிக்கை அதற்குள் இருக்கிறது. இதை இங்கிலீஷில் மொழிபெயர்க்கச் சொல்லி டீச்சர் டிரெய்னிங்கில் கேட்டால் பாதிப்பேர் தவிப்பார்கள்.

மழை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் 'லைக்லி' என்று போடுகிறார்கள். தமிழ்ச் செய்தியில் அது 'பெய்ய வாய்ப்புள்ளது' ஆகிறது. அவர்கள் கணக்கில் 'லைக்லி' என்றால் 25 முதல் 50 விழுக்காடு வாய்ப்பு. 'வெரி லைக்லி' என்றால் 50 முதல் 75. அதே 'லைக்லி'யைப் பருவநிலை பற்றி ஆராயும் ஐ.நா. அறிவியலாளர் குழு எழுதினால் 66 விழுக்காட்டுக்கு மேல் என்று பொருள். ஒரே சொல், இரண்டு ஆபீஸ், இரண்டு எடை. மீன் மார்க்கெட்டில் இப்படி இரண்டு படிக்கல் வைத்திருந்தால் சண்டை வந்திருக்கும். அதே அறிக்கையில் மீனவர்களுக்கு 'ஆர் அட்வைஸ்டு நாட் டு வென்ச்சர்' என்று வரும். படிக்க அறிவுரை மாதிரி இருக்கிறது. அதை வைத்து மீன்வளத்துறை படகை இறக்க வேண்டாம் என்று அறிவித்துவிட்டால் பிறகு அது தடைதான். சொல் மென்மை, விளைவு கடினம்.

இந்த ஒரு 'மே'யின் எடை என்ன என்று தமிழ்நாட்டுக்குத் தெரிந்தது போல இந்தியாவில் வேறு எந்த மாநிலத்துக்கும் தெரியாது. இளைய பிள்ளைகளுக்காக அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1950 ஜனவரி 26இல் அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தபோது, மத்திய அரசின் ஆட்சிமொழி இந்தி, ஆனால் 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலமும் தொடரும் என்று 343ஆவது பிரிவு சொன்னது. கெடு 1965 ஜனவரி 26. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று 1959இல் நேரு மக்களவையில் வாக்குறுதி கொடுத்தார். அந்த வாக்குறுதியைச் சட்டமாக்குகிறோம் என்று சொல்லித்தான் 1963இல் ஆட்சிமொழி மசோதா வந்தது. அப்போது உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. மசோதாவின் 3ஆவது பிரிவில் இருந்த சொற்கள்: ஆங்கில மொழி 'மே கன்டின்யூ டு பி யூஸ்டு, இன் அடிஷன் டு ஹிந்தி'. இந்தியோடு சேர்த்து ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம்.

திமுக உறுப்பினர்கள் அந்த 'மே'யில் கையை வைத்தார்கள். பயன்படுத்தப்படலாம் என்றால் பயன்படுத்தப்படாமலும் போகலாம். 'மே' இருக்கும் இடத்தில் 'மே நாட்' ஒளிந்திருக்கிறது. 'ஷல்' என்று போடுங்கள். அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அண்ணா அங்கே எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். இந்த இடத்தில் 'மே' என்றாலும் 'ஷல்' என்றாலும் ஒன்றுதான் என்பது நேரு தரப்பு வாதம். ஒன்றுதான் என்றால் ஷல்லையே போட்டுவிடுங்களேன் என்பது எதிர்த்தரப்புக் கேள்வி. வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு நூற்றுக்கு நூறு போடுவேன். மசோதா ஒரு சொல்லும் மாறாமல் நிறைவேறியது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1964 மே மாதம் நேரு இறந்தார். வாக்குறுதி கொடுத்தவர் போய்விட்டார், காகிதத்தில் மிஞ்சியது 'மே' மட்டும். அதற்கு முன்பே, அந்த ஜனவரி 25இல், சின்னசாமி திருச்சியில் தீக்குளித்திருந்தார். 1965 ஜனவரியில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பதவி விலகக் கடிதம் கொடுத்தார்கள். பிரதமராகிவிட்டிருந்த சாஸ்திரி ரேடியோவில் பேசி, நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்றார். ஒரு சொல்லுக்காக மட்டும் இத்தனையும் நடந்தது என்று சொன்னால் அது வரலாற்றைச் சிறிதாக்குவது. வேலைவாய்ப்பு, தேர்வு, மரியாதை எல்லாம் அதில் இருந்தது. ஆனால் அத்தனை பயமும் போய் உட்கார்ந்திருந்த இடம் அந்த மூன்றெழுத்து இங்கிலீஷ் சொல்தான்.

1967 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இப்போது 'மே' இருந்த இடத்தில் 'ஷல்' வந்துவிட்டதா? இல்லை! சட்டப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 3ஆவது பிரிவின் முதல் உட்பிரிவில் இன்றைக்கும் 'மே'தான் இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி ஷல்லால் வேலி போட்டார்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு எழுதும் கடிதங்களுக்கு ஆங்கிலம் 'ஷல் பி யூஸ்டு'. தீர்மானம், பொது ஆணை, விதி, அறிவிக்கை போன்றவற்றுக்கு இந்தி, ஆங்கிலம் இரண்டும் 'ஷல் பி யூஸ்டு'. இந்தியை ஏற்காத மாநிலங்கள் அத்தனையின் சட்டமன்றங்களும் ஆங்கிலம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டு, அதன் பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போடும்வரை இந்த ஏற்பாடு 'ஷல் ரிமெய்ன் இன் ஃபோர்ஸ்'. அதாவது, ஒரே ஒரு மாநிலம் மாட்டேன் என்று உட்கார்ந்தால் போதும். 1976இல் ஆட்சிமொழி விதிகள் வந்தபோது, இவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் 'ஷல் எக்ஸ்டெண்ட்' என்று தொடக்கத்திலேயே எழுதினார்கள். அந்த 'நீங்கலாக' சும்மா வந்ததில்லை.

இதைப் பத்தாம் வகுப்பு மோடல்ஸ் பாடத்தில் ஏன் நடத்தக்கூடாது? வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது, சார் என்பீர்கள். வரலாற்றில் அது போராட்டமாக இருக்கிறது. சொல்லாக இல்லை. இங்கிலீஷ் வகுப்பில் 'மே' என்றால் 'மே ஐ கம் இன் மிஸ்' மட்டும்தான். தமிழ்நாட்டுப் பிள்ளை வாழ்க்கையில் முதன்முதல் கற்கும் மோடல் வெர்ப் கதவருகே நின்று அனுமதி கேட்பது. அடுத்தது 'மே ஐ கோ டு டாய்லெட்'. கேட்கிற மே தெரிகிறது, அடுத்தவன் தனக்கு எடுத்துக்கொள்கிற மே தெரியவில்லை.

எங்கள் காலத்தில் ரென் அண்ட் மார்ட்டின் வைத்துப் படித்தோம். ஐ, வீ வந்தால் ஷல், மற்றவர்களுக்கு வில், உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் தலைகீழாக மாற்று என்று ஒரு விதி. அந்த விதியைக் கிண்டல் செய்ய ஒரு பழைய ஜோக் உண்டு. தண்ணீரில் தத்தளித்த ஒரு வெளியூர்க்காரன் 'ஐ வில் ட்ரௌன், நோபடி ஷல் சேவ் மீ' என்று கத்தினானாம். நான் மூழ்கியே தீருவேன், யாரும் என்னைக் காப்பாற்றக் கூடாது என்று இலக்கணப்படி பொருள் எடுத்துக்கொண்டு கரையில் நின்ற வெள்ளைக்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சும்மா இருந்தார்களாம். எங்கள் ஊரில் என்றால் இலக்கணம் பார்க்காமல் குதித்திருப்பார்கள். இன்றைக்கு அந்த விதியை இங்கிலாந்திலேயே யாரும் பேச்சில் பார்ப்பதில்லை. அன்றாட இங்கிலீஷில் ஷல் கிட்டத்தட்டச் செத்துவிட்டது. 'ஷல் வீ கோ' என்பது போல ஓரிரண்டு இடத்தில் மூச்சு இருக்கிறது. அது உயிரோடு உலாவும் இடம் சட்டமும் ஒப்பந்தமும்தான். அமெரிக்காவின் சிவில் நடைமுறை விதிகளை 2007இல் புதுப்பித்தபோது குழப்பம் வேண்டாம் என்று அதையும் எடுத்துவிட்டு 'மஸ்ட்' போட்டார்கள். நம் ஊரில் இன்னும் ஷல்தான் ராஜா.

ஷல் இருந்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். 1957இல் உத்தரப் பிரதேச அரசுக்கும் மன்போதன் லால் ஸ்ரீவஸ்தவா என்பவருக்கும் நடந்த வழக்கில், அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற 320ஆவது பிரிவின் 'ஷல் பி கன்சல்ட்டட்' கட்டாயம் அல்ல என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. ஷல் இருந்தும் கட்டாயம் இல்லை! மே என்று இருப்பதைக் கடமை என்று படித்த தீர்ப்புகளும் உண்டு. சாசனத்தின் 45ஆவது பிரிவு முதலில் எப்படி இருந்தது தெரியுமா? பத்தாண்டுக்குள் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு 'ஷல் எண்டெவர்'. முயற்சி செய்ய வேண்டும், அவ்வளவுதான். பத்தாண்டு 1960இல் முடிந்தது. 2002இல் 86ஆவது திருத்தத்தில் 21அ என்ற பிரிவு வந்தபோதுதான் அந்த 'எண்டெவர்' போய் 'ஷல் ப்ரொவைட்' ஆனது. அதிலும் எந்த முறையில் என்பதை அரசு சட்டம் போட்டு முடிவு செய்ய ஒரு 'மே' உண்டு. முயற்சி செய்வேன் என்பதற்கும் தருவேன் என்பதற்கும் நடுவில் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் வலைக்கும் மீன்கூடைக்கும் போனார்கள் என்று எங்கள் ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள்.

நாள் குறிக்காத ஷல்லின் கதியையும் சமீபத்தில் பார்த்தோம். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா பற்றி ஆளுநர் தன் முடிவை 'ஷல் டிக்ளேர்' என்கிறது 200ஆவது பிரிவு. எத்தனை நாளில் என்று எண் இல்லை. தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8இல் இரு நீதிபதிகள் கெடு வைத்தார்கள். குடியரசுத் தலைவர் அனுப்பிய கேள்விகளுக்கு அதே ஆண்டு நவம்பர் 20இல் கருத்துச் சொன்ன ஐந்து நீதிபதிகள், நீதிமன்றம் அப்படிக் கெடு வைக்க முடியாது என்றார்கள். அரசியல் பேச இந்தப் பதிவு இல்லை. வட்டம் போடும்போது ஷல்லோடு நிறுத்தாமல் தேதியையும் தேடுங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

எங்கள் பகுதிக்கு நேரடியாகத் தேவைப்படும் இடத்துக்கு வருகிறேன். எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டத்துக்கு முன் மக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அங்கே இருப்பது ஷல். திட்டத்தைக் கொண்டுவருபவர்கள் கொடுக்கும் அறிக்கையைப் படித்தால் எங்கு பார்த்தாலும் 'வில்'. மரம் நடப்படும், கழிவுநீர் சுத்திகரிக்கப்படும், உள்ளூர் ஆட்களுக்கு முன்னுரிமை தரப்படும். கெடுதல் பற்றிய பக்கத்துக்குப் போனால் வில் காணாமல் போய் 'மே', 'வுட்' வந்துவிடும். பாதிப்பு ஏற்படலாம், ஏற்பட்டாலும் அது குறைவாக இருக்கும். நல்லது எல்லாம் வில், கெட்டது எல்லாம் மே. இதைக் கவனித்தால் அறிக்கையில் பாதி படித்த மாதிரி.

அந்த 'வில்' உங்களுக்குக் கொடுத்த சத்தியம் என்று நினைக்காதீர்கள். அது திட்டக்காரர் தன் திட்டத்தை விவரிப்பது. பிறகு அரசு தரும் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் வரும். அங்கே திட்டக்காரர் 'ஷல்' என்று இருந்தால் அதுதான் கையில் பிடித்துக் கேட்கக்கூடிய கயிறு. ஆகவே, கூட்டத்தில் மைக் கிடைத்தால் "நீங்கள் செய்வீர்களா?" என்று கேட்டு "செய்வோம்" என்ற பதிலோடு உட்கார்ந்துவிடாதீர்கள். "அறிக்கையில் வில் என்று இருக்கும் இந்த வரியை அனுமதி நிபந்தனையில் ஷல் என்று, தேதியோடு சேர்க்க வேண்டும் என்று பதிவு செய்யுங்கள்" என்று கேளுங்கள். கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அந்த வாக்கியம் ஏற வேண்டும். இதைச் சொல்ல இங்கிலீஷ் பட்டம் தேவையில்லை.

தமிழிலேயே எல்லாம் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டும். 2020இல் புதிய சுற்றுச்சூழல் வரைவு அறிவிக்கையை இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டபோது, எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலும் மொழிபெயர்க்க டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிவந்தது. ஆனால் மொழிபெயர்ப்பிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மூலத்தில் ஷுட், மஸ்ட், ஷல் என்று மூன்று எடையில் இருப்பவை தமிழில் ஒரே 'வேண்டும்' ஆகிவிடுகின்றன. 'தூசி பறக்காமல் மூட வேண்டும்' என்று தமிழில் படித்தால், அது நல்ல யோசனையா, மீறினால் தண்டனை உண்டா என்று தெரியாது. நம் அரசு மொழிபெயர்ப்பாளர்கள் சட்டத் தமிழில் ஷல்லுக்குச் 'செய்தல் வேண்டும்' என்று எழுதும் பழக்கம் உண்டு. படிக்கக் கரடுமுரடாக இருந்தாலும் அது நல்ல பழக்கம். ஷல்லுக்குச் 'செய்தல் வேண்டும்', ஷுட்டுக்குச் 'செய்வது நல்லது' என்று ஒரே சீராக வைத்துக்கொண்டால் எவ்வளவோ தெளிவு. இன்னொரு பக்கம் 'ஆவன செய்யப்படும்', 'தக்க நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற நம்முடைய சொந்தச் சரக்கும் இருக்கிறது. யார், எப்போது என்று கேட்டால் அந்த வாக்கியத்தில் பதில் கிடையாது. தப்பிக்கும் வித்தையில் தமிழ் இங்கிலீஷுக்கு இளைத்ததில்லை.

ஷுட்டுக்கும் ஷல்லுக்கும் உள்ள வித்தியாசம் சின்ன விஷயம் என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2015 டிசம்பர் 12, பாரிஸ். உலக நாடுகள் பருவநிலை ஒப்பந்தத்தை ஏற்கப்போகும் கடைசி மணி நேரம். 4ஆவது பிரிவின் 4ஆவது உட்பிரிவில், பணக்கார நாடுகள் தங்கள் பொருளாதாரம் முழுமைக்குமான புகைக் குறைப்பில் தொடர்ந்து முன்னிற்பது பற்றி 'ஷல்' என்று அச்சாகியிருந்தது. அமெரிக்கா பதறியது. ஷல் என்றால் சட்டக் கடமை, ஊரில் செனட் சபைக்குக் கொண்டுபோக வேண்டிவரும், அங்கே நிறைவேறாது. கூட்டம் தாமதமானது. கடைசியில் அச்சுப்பிழைத் திருத்தங்களோடு ஒன்றாக அதையும் வாசித்து 'ஷுட்' ஆக்கினார்கள். கடல் எங்கள் வாசலுக்கு வருமா வராதா என்பதில் அந்த ஒரு சொல்லுக்கும் பங்கு உண்டு. உலகத்தின் பெரிய வல்லரசு நடுங்கிய சொல்லை நாம் ஒரு மார்க்குக்குக் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

கடைசியாகப் பேச்சு இங்கிலீஷ். இன்டர்வியூவுக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் 'கேன் யூ ரிப்பீட்' என்கிறார்கள். 'குட் யூ ப்ளீஸ்' என்று கேட்கவில்லை, திமிர் என்று எதிரில் இருப்பவர் நினைத்துக்கொள்கிறார். திமிரெல்லாம் இல்லை. தமிழில் மரியாதை வினையின் வாலில் 'ங்க' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'கொஞ்சம் சொல்லுங்க' என்றால் முடிந்தது. இங்கிலீஷில் 'ங்க' கிடையாது. அந்த வேலையைக் குட், வுட் செய்கின்றன. வகுப்பில் குட் என்பது கேனின் இறந்தகாலம் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? 'வுட், குட் என்றால் இங்கிலீஷின் ங்க' என்று சொல்லிப் பாருங்கள், ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். அதிலும் எங்கள் பக்கம் பெரியவரையே 'வா, போ' என்று பாசமாகப் பேசும் ஊர். மரியாதை மனதில் இருக்கிறது, வாலில் இல்லை.

ஆபீஸ் இங்கிலீஷ் இதற்கு நேர் எதிர். அங்கே மரியாதையை அள்ளிக் கொட்டுவார்கள். 'தி சேம் மே ப்ளீஸ் பி சப்மிட்டட் பை டுமாரோ' என்று மேலதிகாரி எழுதினால் 'சமர்ப்பிக்கப்படலாம்' என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அந்த மே சாட்டை. 'யூ மே கோ' என்றால் வெளியே போ என்று பொருள். யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் மே-யின் எடை. 'ஐ வுட் பி கமிங் டுமாரோ' என்று எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வில்லைவிட வுட் மரியாதை என்று நினைத்து எழுதுகிறீர்கள். படிக்கிறவருக்கு நீங்கள் வருவது சந்தேகமாகிவிடுகிறது. வருவதாக இருந்தால் 'ஐ வில்' என்றே எழுதுங்கள்.

ஆபத்து நேரத்தில் இந்த நுணுக்கம் எதுவும் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது ஊர் முழுக்கக் கேட்டது 'எழுந்திரு, ஓடு' என்ற ஏவல் வினைதான். மோடல் வெர்ப்ஸ் எல்லாம் மூச்சு விட முடிகிற நேரத்துக்கு உரியவை. அந்த நேரத்தில் காகிதத்தைச் சரியாகப் படித்து வைத்தால், ஓடவேண்டிய ராத்திரிகள் குறையலாம். குறைந்தே தீரும் என்று எழுத ஆசை. ஆனால் இங்கே 'லாம்'தான் சரியான சொல்.

பத்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரிய நண்பர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த முறை மோடல்ஸ் நடத்தும்போது 'யூ டேஷ் ஒபே யுவர் பேரன்ட்ஸ்' வேண்டாம். பிள்ளைகளை வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு இங்கிலீஷ் காகிதத்தின் நகலைக் கொண்டுவரச் சொல்லுங்கள், பெயரும் எண்ணும் மறைத்து. வட்டம் போட வையுங்கள். யாருக்கு ஷல், யாருக்கு மே என்று கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுத வையுங்கள். ஒரு பீரியட் போதும்.

படித்து முடித்தவர்களுக்கு வீட்டுப்பாடம். 'நாளைக்குத் தண்ணி லாரி வரணும்.' இதைக் குழாயடியில் காத்திருக்கும் அம்மா சொன்னால் எப்படி, லாரி அட்டவணையைப் பார்த்து ஆபீசர் சொன்னால் எப்படி, மறியலில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால் எப்படி என்று மூன்று விதமாக இங்கிலீஷில் கமெண்டில் எழுதுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கலாம். நாளை சாயங்காலம் உட்கார்ந்து திருத்துகிறேன்.